மலைக்காற்றும் கணிப்பொறியின் வெப்பமும்

கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து லோயர் கேம்ப் வழியாக மலைப்பாதையில் ஏறிக் குமுளியை அடைவோர், வழியிலேயே காற்றுக் குளிர்ந்து வருவதை உணர்வர். கடல் மட்டத்திற்கு மேல் கம்பம் சுமார் 400 மீட்டர் உயரத்திலும், குமுளி ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்திலும் அமைந்துள்ளன. தேக்கடிக்கு வரும் பயணிகள் தங்கும் விடுதிகளிலும், ஏலக்காய், மிளகு வணிகர்களின் கடைகளிலும், மாணவர் இல்லங்களிலும் மேசைக் கணிப்பொறிகள் இன்று இயங்குகின்றன. இத்தகைய குளிர்ந்த ஊரில் கணிப்பொறிக்கெனத் தனியே ஒரு குளிர்விப்பான் வாங்குவது வீண்செலவன்றோ என்ற ஐயம் எழுவது இயல்பே. அது வீண்செலவா அன்றா என்பதை எளிய கணக்கொன்று காட்டிவிடும்.

கணிப்பொறியின் செயலி விரல் நகத்தளவே உள்ள ஒரு சிலிக்கன் சில்லு. அது ஏற்கும் மின்சாரம் ஏறக்குறைய முழுவதும் வெப்பமாகவே வெளிப்படுகிறது. வெப்பநிலை ஓர் எல்லையை எட்டியதும் செயலி தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். இன்டெல் செயலிகள் பலவற்றுக்கு இவ்வெல்லை 100 பாகை செண்டிகிரேட், ஏ.எம்.டி.யின் ரைசன் 7000 வரிசையில் பலவற்றுக்கு 95 பாகை. பொறி உடனே பழுதாகிவிடுவதில்லை. விலை கொடுத்து வாங்கிய வேகம்தான் கிடைக்காமற் போகிறது.

விசிறியால் இயங்கும் எந்தக் குளிர்விப்பானும் செயலியை அறைக்காற்றைவிடக் குளிர்ச்சியாக்க இயலாது. அறைக்காற்றின் வெப்பநிலைக்கு மேல் ஒவ்வொரு வாட்டுக்கும் இத்தனை பாகை என்று செயலி சூடேறும். கணக்கின் பொருட்டு, செயலியோடு பெட்டியில் வரும் சிறு குளிர்விப்பானுக்கு இது 0.6 பாகை என்றும், தனியே விற்கப்படும் கோபுர வடிவக் குளிர்விப்பானுக்கு 0.3 பாகை என்றும் கொள்ளலாம். இன்டெல்லின் ஐ5-12400 செயலியின் அடிப்படை ஆற்றல் 65 வாட். உச்சநிலை 117 வாட். குமுளியில் அறைக்காற்று 30 பாகை இருக்கும் நாளில், சிறு குளிர்விப்பானுடன் 65 வாட் வேலை நடந்தால் செயலி 69 பாகையில் நிற்கும். கடைக்கணக்கு எழுதுவோரும் கடிதம் அச்சிடுவோரும் இந்த அளவு வெப்பத்தைக்கூட எழுப்புவதில்லை; அவர்களுக்குப் புதிய குளிர்விப்பான் தேவையில்லை. ஆனால் திருமண ஒளிப்படச் சுருள்களைத் தொகுப்பவர் 117 வாட்டில் மணிக்கணக்காக இயக்கினால், அதே செயலி 100 பாகையைத் தொட்டுவிடும். கோபுரக் குளிர்விப்பான் பொருத்தினாலோ 65 பாகைதான்.

உயரம் மற்றொரு கணக்கையும் புகுத்துகிறது. குமுளியில் காற்றழுத்தம் கடற்கரையைவிட ஏறத்தாழ 10 சதவீதமும், கம்பத்தைவிட ஏறத்தாழ 6 சதவீதமும் குறைவு. விசிறி அதே வேகத்தில் சுழன்றாலும், அது தள்ளும் காற்றின் எடை குறைந்து, அக்காற்று சுமந்து செல்லும் வெப்பமும் குறைகிறது. இதில் கவனிக்கத்தக்க நுட்பம் ஒன்றுண்டு. மலைக்குளிர் தரும் ஆதாயம் எந்த வேலைக்கும் ஒன்றே. கம்பத்தைவிட அறை 6 பாகை குளிர்ந்திருந்தால் 6 பாகை ஆதாயம். மெலிந்த காற்றால் நேரும் இழப்போ, எழும் வெப்பத்திற்கேற்பப் பெருகும். 35 பாகை உயர்வில் அவ்விழப்பு 2 பாகைக்கு மேற்படாது; 70 பாகை உயர்வில் அது 4 பாகை வரை செல்லலாம். கடும் வேலை வாங்குவோர் மலைக்குளிரை மட்டும் நம்பியிருக்க இயலாது.

கோபுரக் குளிர்விப்பானின் சிறப்பு அதன் வெப்பக் குழாய்களில் உள்ளது. அமெரிக்காவின் லாஸ் அலமாஸ் ஆய்வுக்கூடத்தில் ஜார்ஜ் குரோவர் 1963-ஆம் ஆண்டில் செய்து காட்டிய கருவி இது. விண்கலங்களில் பயன்பட்ட பின்னரே மேசைக்கு இறங்கி வந்தது. மூடிய செப்புக் குழாயினுள் காற்றை நீக்கிச் சிறிதளவு நீர் விடப்பட்டிருக்கும். அழுத்தம் குறைவாதலால் அந்நீர் 100 பாகைக்கு வெகு கீழேயே ஆவியாகி, மேலுள்ள அலுமினியத் தகடுகளிடம் வெப்பத்தை ஒப்படைத்து மீண்டும் நீராகும். விளக்குத் திரி எண்ணெயை உறிஞ்சுவது போல, குழாயின் உட்சுவரிலுள்ள நுண்துளைப் படலம் அந்நீரை அடிப்புறத்திற்கு மீட்டுக் கொணரும். ஓசையின்றி, இயங்கும் உறுப்பு எதுவுமின்றி இச்சுழற்சி நடைபெறுகிறது. வெறும் செப்புக் கட்டியால் இவ்வளவு விரைவாக வெப்பத்தைக் கடத்த இயலாது.

வாங்கப் புறப்படுமுன் அளவுகோல் ஒன்றை எடுத்துக்கொள்வது நலம். 120 மில்லிமீட்டர் விசிறியுள்ள கோபுரங்கள் பெரும்பாலும் 150 முதல் 160 மில்லிமீட்டர் உயரமுள்ளவை. ஒடுங்கிய பெட்டியில் இவற்றை வைத்தால் பக்கக் கதவு மூடாது. அருகிலுள்ள நினைவகப் பலகைகளை விசிறி இடிக்கலாம். செயலி அமரும் சாக்கெட்டின் பெயரையும் குறித்துச் செல்ல வேண்டும். 2021-இல் வந்த எல்.ஜி.ஏ. 1700-க்குப் பழைய இன்டெல் தாங்கிகள் நேராகப் பொருந்தா. 2022-இல் வந்த ஏ.எம். 5-இலோ ஏ.எம். 4 குளிர்விப்பான்கள் பல பொருந்தும். விற்போர் பெட்டியில் அச்சிடும் வாட் கணக்கிற்கு எல்லாருக்கும் பொதுவான அளவுமுறை இல்லையாதலால், இரு நிறுவனங்களின் எண்களை நேருக்கு நேர் ஒப்பிடுதல் பயன் தராது.

தென்மேற்குப் பருவமழையில் மூடுபனி அறைக்குள் புகும்போது, குளிர்விப்பானில் நீர் துளிர்க்குமோ என்று சிலர் அஞ்சுவர். இயங்கும் செயலியும் அதன் தகடுகளும் அறைக்காற்றைவிடச் சூடாகவே இருப்பதால் அவற்றின்மேல் நீர் படியாது. பெட்டியின் பக்கக் கதவைக் கழற்றி வைக்கும் வழக்கமே கேடு. பூச்சியும் தூசியும் தகடுகளுக்கிடையே படிந்து காற்றை அடைத்துவிடும். சில மாதங்களுக்கு ஒருமுறை மின்னிணைப்பைத் துண்டித்து, விசிறி சுழலாதவாறு விரலால் பிடித்துக்கொண்டு தூசியை ஊதி நீக்க வேண்டும். குளிர்விப்பானைக் கழற்ற நேர்ந்தால் பழைய வெப்பப் பசையைத் துடைத்துவிட்டு, புதிய பசையைப் பட்டாணியளவு இட்டு மீண்டும் பொருத்த வேண்டும்.