அரங்கைப் பார்க்கும் கலை

நுழையும்முன்

கலை நிகழ்ச்சிக்குச் செல்லும் நாம் மேடையை மட்டும் பார்த்துத் திரும்புகிறோம். அம்மேடையைத் தன்னுள் கொண்ட கட்டடமும் ஒரு கலைப்படைப்பே. அதனைப் பார்க்கவும் படமெடுக்கவும் கற்பிக்கிறது இப்பாடம்.

வடிவத்தின் காரணம்

மாணவர்களே! தாதரிலிருந்து மேற்கு இரயில் பாதையில் சர்ச்கேட் நிலையத்தை அடைந்து, கடற்கரைச் சாலை வழியே தெற்கு நோக்கிச் சென்றால் நரிமன் முனை வரும். கடலைத் தூர்த்து உருவாக்கிய நிலம் அது. அங்கே தேசிய நிகழ்த்துகலை மையம் அமைந்துள்ளது. அணு அறிவியலாளர் ஹோமி பாபாவின் தம்பியாகிய ஜாம்ஷெட் பாபாவின் முயற்சியால் 1969ஆம் ஆண்டு இம்மையம் தோன்றியது. இவ்வளாகத்திலுள்ள டாடா அரங்கம் 1980ஆம் ஆண்டு திறக்கப்பட்டது. இதனை வடிவமைத்தவர் அமெரிக்கக் கட்டடக் கலைஞர் பிலிப் ஜான்சன். ஒலியமைப்பை வகுத்தவர் சிரில் ஹாரிஸ்.

நம் நாட்டு இசைக்கலைஞர் அவையோரின் முகக்குறிப்பைக் கண்டும், அவர்தம் ‘ஆகா’வைக் கேட்டும் பாடலை வளர்ப்பவர். நீண்ட அரங்கின் கடைசி வரிசையில் இருப்பவர் முகம் அவருக்குத் தெரியாது. ஆதலால் டாடா அரங்கில் இருக்கைகள் விசிறிபோல் விரிந்து மேடையைச் சூழ்ந்துள்ளன. ஏறத்தாழ ஆயிரம் பேர் அமரலாம். எனினும், கலைஞருக்கும் அவையோருக்கும் இடையே நெருக்கம் குறைவதில்லை. ஒலிபெருக்கியின் துணையின்றியே இசை செவியை எட்டவேண்டும் என்பதும் அவ்வடிவமைப்பின் நோக்கமாகும்.

எதிரெதிரே நிற்கும் வழவழப்பான இரு சுவர்களுக்கிடையே ஒலி மீண்டும் மீண்டும் மோதி எதிரொலிக்கும். பரப்பைச் சாய்வாகவும் மேடுபள்ளமாகவும் அமைத்தால் ஒலி பல திசைகளில் சிதறிப் பரவும். இசையரங்குகளின் கூரையும் சுவரும் மடிப்பு மடிப்பாக இருப்பதன் காரணம் இதுவே. அழகுக்காக அமைந்தது போலத் தோன்றும் மடிப்பு, உண்மையில் செவிக்காக அமைந்தது.

டோக்கியோவில் ஓர் அரங்கம்

ஜப்பான் தலைநகரில், உவேனோ பூங்காவின் வாயிலருகே ‘டோக்கியோ புங்கா கைகான்’ என்னும் கலையரங்கம் உள்ளது. ‘புங்கா’ என்றால் பண்பாடு. ‘கைகான்’ என்றால் மன்றம். குனியோ மாயெகாவா வடிவமைத்த இவ்வரங்கம் 1961ஆம் ஆண்டு திறக்கப்பட்டது. சண்டிகர் நகரைத் திட்டமிட்ட லெ கொர்புசியேயிடம் பாரிஸில் பணிபுரிந்து பயின்றவர் மாயெகாவா. படகின் விளிம்புபோல் மேல்நோக்கி வளைந்த பெரிய கான்கிரீட் கூரை விளிம்பே இக்கட்டடத்தின் அடையாளம். கான்கிரீட்டைப் பூச்சால் மறைக்காமல் அப்படியே காட்டியுள்ளார். டாடா அரங்கின் சிறப்பை உள்ளே அமர்ந்து உணரவேண்டும். இதன் சிறப்போ வெளியிலிருந்தே தெரியும்.

படமெடுக்கும் முறை

முதலில் கட்டடத்தைச் சுற்றி நடந்து பாருங்கள், பிறகு படமெடுங்கள். காலையும் மாலையும் வெயில் சாய்வாக விழும். அப்போது மடிப்புகளும் நிழல்களும் தெளிவாகத் தெரியும். கருவியை அண்ணாந்து பிடித்தால் கட்டடம் பின்னோக்கிச் சாய்வதுபோல் படம் அமையும். சற்றுப் பின்சென்று நேராகப் பிடியுங்கள். முழுத் தோற்றம் ஒன்று, வாயில் ஒன்று, நுண்பகுதி ஒன்று என மூன்று படங்களாவது எடுங்கள். படத்தில் ஒரு மனிதர் நின்றால் கட்டடத்தின் உயரம் விளங்கும். உள்ளே படமெடுக்க இசைவு பெறுதல் வேண்டும். நிகழ்ச்சி நடைபெறும்போது எடுத்தல் தகாது. ஒவ்வொரு படத்தின் கீழும் நாளும் இடமும் குறித்து, ‘இவ்வடிவம் ஏன்?’ என்பதற்கு ஒரு வரியில் விடை எழுதுங்கள்.

நம் அருகில்

இத்தகைய ஓர் அரங்கம் நம் பகுதிக்கு அருகிலேயே உள்ளது. பிழைப்புத் தேடி மும்பைக்கு வந்த நம் முன்னோர், இசையையும் உடன் கொண்டுவந்தனர். 1952ஆம் ஆண்டு தோன்றிய சண்முகானந்தா நுண்கலைச் சபை, கிங்ஸ் சர்க்கிள் நிலையத்துக்கு அருகில் எழுப்பிய பேரரங்கம் 1963ஆம் ஆண்டு திறக்கப்பட்டது. டோக்கியோ அரங்கம் திறந்த இரண்டே ஆண்டுகளில், அரசு கட்டித்தராத ஓர் அரங்கை இசை அன்பர்கள் கூடி அமைத்தனர். 1990ஆம் ஆண்டு தீ அதனை அழித்தது. புதுப்பிக்கப்பட்ட அரங்கம் 1998ஆம் ஆண்டு மீண்டும் திறக்கப்பட்டது. இன்று அங்கு 2,700க்கும் மேற்பட்டோர் அமரலாம்.

தீக்கு முந்தைய அரங்கின் உட்புறத்தை இன்று பழைய படங்களிலும் பெரியோர் நினைவிலுமே காண இயலும். அன்று யாரோ ஒருவர் எடுத்த படம் இன்று வரலாறு. நீங்கள் எடுக்கும் படமும் நாளை அவ்வாறே ஆகலாம்.

பயிற்சி

1. டாடா அரங்கின் இருக்கைகள் விசிறிபோல் அமைந்தது ஏன்?
2. பொருள் அறிந்து தொடரில் அமைக்க: இசைவு, முகக்குறிப்பு, தூர்த்தல்.
3. உங்கள் தாத்தா, பாட்டி அல்லது அண்டைவீட்டுப் பெரியவரிடம் சண்முகானந்தா அரங்கைப் பற்றிக் கேட்டு, பத்து வரிகளில் எழுதுக.
4. உங்கள் பகுதிக் கட்டடம் ஒன்றை மூன்று படங்களில் காட்டி, ஒவ்வொன்றின் கீழும் ‘இவ்வடிவம் ஏன்?’ என்பதற்கு விடை எழுதுக.