அழித்த கோடு

வீட்டுக்கு வெள்ளையடிக்க ஆள் வந்தபோது பரணிலிருந்து அந்தக் கட்டும் இறங்கியது. பழைய வேட்டியில் சுருட்டி, சணல் போட்டுக் கட்டியிருந்தேன். 1980 முதல் 1985 வரை, சென்னை அரசு கவின்கலைக் கல்லூரியில் படித்த காலத்தில் போட்ட படங்கள். நாற்பது வருஷமாகப் பிரிக்கவில்லை. கூடத்தில் பரப்பி, சுருண்டுகொள்ளாமல் இருக்க மூலைக்கொரு புத்தகம் வைத்தேன்.

நியூஸ்பிரிண்ட் தாள்கள் டீக்கறை நிறத்துக்கு வந்துவிட்டன. மலிவான மரக்கூழில் தங்கிவிடும் லிக்னின் காற்றும் வெளிச்சமும் பட்டு அப்படித்தான் பழுக்கும். ஓரத்தைத் தொட்டால் அப்பளம்போல் ஒடிகிறது. மேலே இருக்கும் கரிக்கோடு மட்டும் நேற்றுப் போட்டதுபோல் கறுப்பாக இருக்கிறது. கரி உதிரும், வெளுக்காது.

ஆண்டு இறுதிக் காட்சிக்காக வாரக்கணக்கில் நிழல் ஏற்றிய படங்களைத்தான் முதலில் தேடினேன். பித்தளைக் குடம், மடிப்பு விழுந்த துணி, பிளாஸ்டர் தலை. அன்று அவற்றை எவ்வளவு பெருமையாக மாட்டினேன்! இன்று ஒன்றிலும் கண் நிற்கவில்லை. ஒதுக்கி வைத்துவிட்டேன்.

நின்றது ஸ்கெட்ச் நோட்டுகளில். சென்ட்ரல் ஸ்டேஷனில் மூட்டைமேல் தலைவைத்துத் தூங்குகிறவர்கள், கூலிக்காகக் காத்திருக்கும் போர்ட்டர்கள். அசைவதற்குள் பிடிக்க வேண்டும் என்பதால் பாதிப் பேருக்கு முகமே இல்லை, முதுகின் வளைவு மட்டும் இருக்கிறது. மூர் மார்க்கெட்டும் பழைய மிருகக்காட்சி சாலையும் கல்லூரியிலிருந்து நடந்து போகும் தூரம். பழைய புத்தகக் கடைக்காரர் ஒருவரைப் பத்துப் பக்கத்துக்குமேல் வரைந்திருக்கிறேன். 1985 மே மாதக் கடைசியில் மூர் மார்க்கெட் எரிந்தது. அதே ஆண்டு மிருகக்காட்சி சாலையும் வண்டலூருக்குப் போய்விட்டது. மார்க்கெட்டின் வளைவுகளையும் கூண்டுக் கம்பிகளையும் பயிற்சிக்காகத்தான் வரைந்தேன். இனி பார்க்க முடியாதவற்றை வரைந்துகொண்டிருக்கிறேன் என்று அப்போது எப்படித் தெரியும்?

கோடு அந்தக் கல்லூரியில் சாதாரண விஷயம் அல்ல. 1850ல் அலெக்சாண்டர் ஹன்டர் என்ற மருத்துவர் தொடங்கிய பள்ளி அது. தேவிபிரசாத் ராய் சௌத்ரி அதன் முதல் இந்தியத் தலைவர். மெரினாவில் 1959ல் நிறுவப்பட்ட உழைப்பாளர் சிலை அவர் செய்தது. அதற்குக் கல்லூரிக் காவலாளி ஒருவரும் மாதிரியாக நின்றார் என்று மாணவர்களிடையே வழிவழியாகச் சொல்லப்படும். ராய் சௌத்ரிக்குப் பின் 1957ல் முதல்வரான கே.சி.எஸ். பணிக்கர் காலத்தில் மெட்ராஸ் ஓவியர்கள் கோட்டையே தங்கள் மொழியாக்கிக்கொண்டார்கள். அங்கே படித்த ஆதிமூலம் காந்தியை வரிசையாகக் கோட்டில் வரைந்ததும், கி.ராஜநாராயணனின் 'கரிசல்காட்டுக் கடுதாசி'க்குப் படம் போட்டதும் எங்கள் தலைமுறைக்குப் பாடமாகவே இருந்தன. அவர் கோடு தயங்காது. நாங்களும் தயங்காத கோட்டுக்கு ஆசைப்பட்டோம்.

அதனால்தானோ என்னவோ, தயங்கிய இடங்களையெல்லாம் அழித்தேன். கட்டின் அடியில் இருந்த கார்ட்ரிட்ஜ் தாள் ஒன்றில் அதைப் பார்த்தேன்.

மாடலாக வந்த ஒரு பெரியவர். வியாசர்பாடியிலிருந்து நடந்தே வருவார். எல்லோருக்கும் அவர் தாத்தா. மேடையில் ஏறி, கோலை ஊன்றி நின்றால் சுவரில் பல்லி ஓடினாலும் திரும்ப மாட்டார். ஒருநாள் இடைவேளையில் என் பலகை அருகே வந்து பார்த்தார்.

"ஏம்பா, காலை இவ்ளோ பெருசா போட்டுட்ட?"

"அளவு தப்பிடுச்சு தாத்தா, மாத்திடறேன்" என்றேன்.

"அப்படியா" என்று சொல்லிவிட்டுப் போய்ப் பீடி பற்றவைத்துக்கொண்டார்.

மாற்றிவிட்டேன். ரப்பர் போட்டுத் தேய்த்து, தலைக்கு ஏழரைப் பங்கு உடம்பு என்ற கணக்குக்குள் பாதங்களை அடக்கினேன். படத்தில் இப்போது அழகான, மெலிந்த பாதங்கள் இருக்கின்றன. ஆனால் 6பி பென்சிலை அழுத்திப் பிடிக்கும் பழக்கம் எனக்கு. பென்சில் கரி போனாலும் தாளில் விழுந்த பள்ளம் போகாது. தாளை ஜன்னலருகே எடுத்துப்போய்ச் சாய்த்துப் பிடித்தேன். பக்கவாட்டு வெளிச்சத்தில் முதல் கோடு மெல்ல எழுந்தது. கணுக்கால் எலும்பு தெரியாமல் பூரித்த சதை. விரல்கள் ஒன்றோடொன்று நெருக்கியடித்துக்கொண்டிருக்கின்றன. வலது கால் இடதைவிடப் பெரிது. அளவு தப்பியிருந்தால் இரண்டும் ஒன்றுபோலத் தப்பியிருக்கும். அந்தக் கால்கள் வீங்கியிருந்தன. என் கை அதைப் பார்த்திருக்கிறது. நான்தான் நம்பவில்லை. அவரும் கேட்டுப் பார்த்தார்.

தாளைத் திருப்பினேன். பின்புறம் தேதி, பென்சில் எண், என் பெயர், வரிசை எண் எல்லாம் எழுதியிருக்கிறேன். அவர் பெயர் இல்லை. கட்டில் அவரை வரைந்த தாள்கள் இன்னும் பதினொன்று இருந்தன. ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தேன். எதிலும் இல்லை. கூடப் படித்த இருவருக்குப் போன் செய்தேன். இருவருக்கும் அவர் நின்ற விதம் நினைவிருந்தது, கோலைப் பிடித்த கை நினைவிருந்தது.

"தாத்தான்னுதானேடா கூப்பிடுவோம்" என்றான் ஒருவன்.

வெள்ளையடிப்பவர் கூடத்துக்கு வர வேண்டும் என்றார். மற்றதையெல்லாம் சுருட்டிக் கட்டினேன். அந்தத் தாளை மட்டும் ஜன்னல் ஓரத்திலேயே சாய்த்து வைத்திருக்கிறேன். மாலை நாலு மணிக்கு வெயில் அந்தப் பக்கம் வரும்.