இனப்பெருக்கத் தொட்டிகளில் மீன்களின் பூசலும் காயங்களும்

கோலார் தங்கவயலைச் சூழ்ந்த மேட்டுநிலத்தில் ஆண்டு முழுவதும் நீரோடும் ஆறு கிடையாது. ஏரி, கிணறு, தொட்டி ஆகியவற்றை நம்பியே மக்கள் வாழ்ந்து வருகின்றனர். 2001-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் சுரங்கங்கள் மூடப்பட்டன. ஆயினும் குடியிருப்புகளில் பீப்பாய்களிலும் சிமெண்டுத் தொட்டிகளிலும் நீரைச் சேமித்து வைக்கும் வழக்கம் மறையவில்லை. சேமித்த நீர் இருக்குமிடத்தில் கொசுவும் இருக்கும். மேலும் இம்மாவட்டம் பட்டுத்தொழிலுக்குப் பெயர் பெற்றது. பூச்சிக்கொல்லி மருந்து தெளித்தால் பட்டுப்புழுக்களும் மடிந்துபோகும். ஆகவே கொசுப்புழுக்களைத் தின்னும் மீன்களை நாடுவது இப்பகுதிக்கு இயல்பாகவே பொருந்தியது.

தங்கவயலுக்கு அதிகத் தொலைவில் இல்லாத காமசமுத்திரம் வட்டாரத்து ஊர்களில், கடந்த நூற்றாண்டின் இறுதி ஆண்டுகளில், மலேரியா ஆராய்ச்சியாளர்கள் கிணறுகளில் கப்பி மீன்களையும் குளங்களில் கம்பூசியா மீன்களையும் விட்டுப் பரிசோதித்தனர். மலேரியாவைப் பரப்பும் அனோபிலஸ் கொசுவின் பெருக்கம் இதனால் குறைந்தது என்ற செய்தி 2005-இல் வெளியான ஆய்வுக் கட்டுரையின் வாயிலாகப் பலருக்கும் தெரியவந்தது. இம்முறை நிலைத்து நிற்பதற்கு மீன் இடையறாது கிடைத்தல் வேண்டும். அதனைத் தருவது இனப்பெருக்கத் தொட்டி. தொட்டியில் வால் கிழிந்த மீன்களும், மெலிந்து செத்த பெண் மீன்களும் காணப்பட்டு, குஞ்சுகள் மட்டும் காணப்படாவிடில், ஊழியர்கள் நீரையோ தீனியையோ குறை கூறுவது வழக்கம். பல சமயங்களில் காரணம் அவ்விரண்டும் அல்ல. மீன்களின் பூசலே காரணம்.

கப்பி, கம்பூசியா ஆகிய இரண்டும் முட்டையிடாமல் குஞ்சு ஈனும் இனத்தைச் சேர்ந்தவை. ஆண் சிறியது, பெண் பெரியது. ஆண் மீனின் கீழ்த்துடுப்பு ஒன்று நீண்டு குழல்போல் மாறிக் கலவி உறுப்பாகப் பயன்படுகிறது. கப்பியின் ஆண், வண்ண வாலை விரித்துப் பெண்ணின் முன் ஆடிக்காட்டும். கம்பூசியாவின் ஆணுக்கு அத்தகைய நயம் ஏதும் இல்லை. அது பெண்ணைப் பின்தொடர்ந்து, இணங்கினாலும் இணங்காவிட்டாலும், நாள் முழுதும் துரத்திக்கொண்டே இருக்கும். துரத்தப்படும் பெண் மீன் தீனி தின்ன நேரமின்றி மெலிகிறது. தொட்டிச் சுவரில் மோதிச் செதிலை இழக்கிறது. ஆண்கள் மிகுந்த தொட்டியில் ஒரு பெண்ணை மூன்று நான்கு ஆண்கள் துரத்துவதைக் காணலாம்.

ஆகையால் ஓர் ஆணுக்கு இரண்டு அல்லது மூன்று பெண்கள் என்ற விகிதத்தில் விடுதல் வேண்டும். இங்கு ஊழியர்கள் பலர் கவனியாத ஒரு விஷயம் உண்டு. இவ்வினப் பெண் மீன் ஒருமுறை பெற்ற ஆணின் விந்தணுக்களைத் தன் உடலுள் சேமித்து வைத்து, பின்னர் ஆண் துணையின்றியே பலமுறை குஞ்சு ஈன வல்லது. எனவே, காயம்பட்ட பெண் மீன்களைச் சில வாரங்கள் தனித்தொட்டியில் வைத்து ஓய்வு கொடுப்பதால் குஞ்சு உற்பத்தி நின்றுவிடும் என்று அஞ்ச வேண்டுவதில்லை. மாறாக, நன்கு தின்று தேறிய தாய் அதிகக் குஞ்சுகளை ஈனும்.

ஏறத்தாழ நான்கு வாரங்களுக்கு ஒருமுறை குஞ்சு பிறக்கிறது. பிறந்த குஞ்சுக்கு முதற்பகை அதன் தாயே. இதனைக் கொடுமை என்று நாம் கூறலாம். மீனுக்கோ, அசையும் சிறுபொருள் எதுவாயினும் இரைதான். கொசுப்புழுவைத் தின்னும் எந்த இயல்பைக் கருதி நாம் இம்மீனை வளர்க்கிறோமோ, அதே இயல்பே குஞ்சையும் தின்னச் செய்கிறது. பசித்த தாயும் நெருக்கடியான தொட்டியும் இருப்பின் ஒரே இரவில் ஈற்று முழுவதும் மறைந்துவிடும். தொட்டியில் வேலம்பாசியை அடர்த்தியாக இட்டால் குஞ்சுகள் ஒளிந்து பிழைக்கும். வயிறு பெருத்து, மலத்துவாரத்தின் அருகே கரும்புள்ளி தெளிவாகத் தெரியும் பெண்களை வலைக்கூண்டில் விட்டு, அக்கூண்டைத் தொட்டியினுள் தொங்கவிடுவது இன்னும் நன்று. கொசுவலைத் துணியின் கண் இதற்குப் போதாது. குஞ்சு நழுவி வெளியேறத்தக்க 3 முதல் 4 மில்லிமீட்டர் அளவுள்ள கண் வேண்டும்.

கம்பூசியாவைப் பற்றித் தனியே ஒரு சொல் கூறியாக வேண்டும். 1928-இல் இத்தாலியிலிருந்து இந்தியாவிற்குக் கொண்டுவரப்பட்ட இம்மீன், பிற மீன்களின் வாலையும் துடுப்பையும் கடித்துக் குறைக்கும் குணமுடையது; தவளைக் குஞ்சுகளையும் விட்டுவைப்பதில்லை. கப்பியையும் கம்பூசியாவையும் ஒரே தொட்டியில் வளர்ப்பது அறவே கூடாது. தொட்டியில் அது செய்வதையே ஏரியிலும் செய்கிறது. உலகெங்கும் கெடுதல் விளைவிக்கும் அயல் உயிரினங்களின் பட்டியலில் இதன் பெயர் இடம்பெற்றிருப்பது காரணமின்றியல்ல. இயற்கை நீர்நிலைகளில் இதனை விடுவதை இன்று எவரும் ஆதரிக்கலாகாது என்பது என் கருத்து. நம் நாட்டிலேயே ஆப்ளோகீலஸ் என்னும் சிறுமீன் உண்டு. தலையின்மேல் வெள்ளிப்பொட்டு மின்ன நீர்மட்டத்தை ஒட்டியே நீந்தும் அதுவும் கொசுப்புழுவைத் தின்கிறது. அதனைத் தேடி வளர்க்கும் முயற்சி நம்மிடையே குறைவு.

இனிக் காயங்களைக் காண்போம். மீனின் உடலை மூடியுள்ள வழுவழுப்பான சளிப்படலமே அதன் கவசம். கடியாலோ உராய்வாலோ அப்படலம் கிழிந்தால், நீரில் எப்போதும் இருக்கும் பூசணம் அவ்விடத்தில் வேரூன்றிப் பஞ்சுபோல் வெண்மையாக வளர்கிறது. தங்கவயலின் மார்கழி, தை மாதக் குளிரில், திறந்தவெளித் தொட்டிகளில் இத்தொல்லை மிகுதி. கோடையிலும் பஞ்சு போன்ற படலம் தோன்றுமாயின், அது பெரும்பாலும் பூசணமன்று, பாக்டீரியா. அது விரைந்து பரவிக் கொல்லும். எதுவாயினும் முதற்செயல், காயமுற்ற மீனைப் பிரித்தெடுப்பதே. முடிச்சுள்ள கரடுமுரடான வலையால் பிடித்தால் காயம் இரட்டிக்கும். மெல்லிய துணிவலையால், அல்லது நனைந்த கையால், நீரோடு சேர்த்து எடுக்க வேண்டும்.

சிகிச்சைக்குக் கல்லுப்பே போதும். தனித்தொட்டியில் லிட்டருக்கு 2 முதல் 3 கிராம் வீதம் சிறிது சிறிதாகக் கரைத்து, காயம் ஆறும் வரை சில நாட்கள் வைக்கலாம். கப்பியும் கம்பூசியாவும் உப்பைத் தாங்குபவை, ஆதலால் அச்சமில்லை. பூசணம் பற்றிய மீனை லிட்டருக்கு 10 கிராம் உப்புள்ள நீரில் ஐந்து நிமிடம் அமிழ்த்தி எடுக்கலாம். மீன் பக்கவாட்டில் சாய்ந்தால் உடனே எடுத்துவிட வேண்டும். நாள்தோறும் நீரில் நான்கில் ஒரு பங்கை மாற்றுக. குழாய்நீராயின் குளோரின் நீங்குமாறு ஒருநாள் திறந்து வைத்த பின்னரே இடுக. மாலகைட் பச்சை என்னும் சாயத்தைச் சிலர் பரிந்துரைப்பர். குடிநீர்க் கிணற்றுக்குச் செல்லவிருக்கும் மீனுக்கு அந்த நச்சுச் சாயத்தையோ நோயெதிர் மருந்துகளையோ பயன்படுத்துதல் தவறு. காயம் முழுதும் ஆறாத மீனைக் கிணற்றில் விடுவதும் வீண். சில நாட்களில் அது மிதக்கும், ஊரார் மீன் வேண்டாம் என்று கூறிவிடுவர். இழந்த நம்பிக்கையை மீட்பது மீனை மீட்பதினும் கடினம்.

பள்ளி ஆசிரியர்களுக்கு இப்பொருளை விளக்க ஏற்றது சண்டை மீன். தாய்லாந்தைத் தாயகமாகக் கொண்ட இம்மீனை அந்நாடு 2019-இல் தன் தேசிய நீர்வாழ் விலங்காக அறிவித்தது. சென்னையில் கொளத்தூரைச் சுற்றியுள்ள அலங்கார மீன் வளர்ப்போர் இதன் ஆண்களைத் தனித்தனிக் குப்பிகளில் அடைத்து விற்கின்றனர். இரண்டு ஆண்களைச் சேர்த்துவிட்டால் துடுப்புகள் நார்நாராகிவிடும். இனப்பெருக்கத்தின்போது பெண்ணுக்கும் இந்நிலை நேரும். எனவே ஆண் நீர்மட்டத்தில் நுரைக்கூடு கட்டும்வரை, பெண்ணை அரிக்கேன் விளக்கின் கண்ணாடிச் சிமினிக்குள் அதே தொட்டியில் நிறுத்தி வைக்கலாம். பெண்ணின் உடலில் குறுக்குக் கோடுகள் தோன்றிய பின் சிமினியை எடுத்துவிட வேண்டும். முட்டையிட்டு முடிந்தவுடன் பெண்ணை அகற்றாவிடில், கூட்டைக் காக்கும் ஆண் அதனைக் கடித்தே கொன்றுவிடவும் கூடும். ஒன்று அல்லது ஒன்றரை நாளில் குஞ்சு பொரியும். மேலும் இரண்டு மூன்று நாட்களில் அவை தாமே நீந்தத் தொடங்கியதும் ஆணையும் எடுத்துவிட வேண்டும்.

வகுப்பில் கண்ணாடியைக் காட்டி ஆண் மீன் செவுள்மூடிகளை விரிப்பதை மாணவர் காணச் செய்யலாம். அதனை ஓரிரு நிமிடங்களுக்கு மேல் நீட்டித்தல் ஆகாது. பிம்பம் ஒருபோதும் பின்வாங்குவதில்லையாதலால் மீன் களைத்துப்போகும். முதல் நாள் விரித்த வேகத்தையும் நான்காம் நாள் விரித்த வேகத்தையும் மாணவர் குறித்து ஒப்பிடுவாராயின், அப்பாடத்திற்கு வேறு கருவி வேண்டுவதில்லை.