மூடிய ஆலையும் வாழும் ஊரும்

ஆலை மூடினால் ஊரும் அழியத்தான் வேண்டுமா? அருப்புக்கோட்டையில் தறிச் சத்தம் கேட்டு வளர்ந்த எனக்கு இது வெறும் ஏட்டுக் கேள்வி அன்று.

ஸ்காட்லாந்தில் கிளைட் ஆற்றங்கரையில் நியூ லனார்க் என்னும் சிற்றூர் உள்ளது. டேவிட் டேல் 1786-இல் அங்கே பஞ்சு நூற்கும் ஆலை நிறுவினார். ஆற்று நீரின் விசையே இயந்திரங்களைச் சுழற்றியது. பின்னர் பொறுப்பேற்ற ராபர்ட் ஓவன், 1816-இல் தொழிலாளர் குழந்தைகளுக்குப் பள்ளி திறந்தார்.

1968-இல் ஆலை மூடப்பட்டது. மக்கள் வெளியேறினர். கட்டடங்கள் பழைய உலோக வியாபார நிறுவனம் ஒன்றின் கைக்குப் போய்ச் சிதைந்தன. 1974-இல் அமைந்த அறக்கட்டளை குடியிருப்புகளைச் செப்பனிட்டது. 1983-இல் ஆலைக் கட்டடங்களும் கட்டாயக் கொள்முதலால் மீட்கப்பட்டன. இன்று வீடுகளில் மக்கள் வாழ்கின்றனர். ஓர் ஆலை தங்கும் விடுதியாயிற்று. அதே ஆற்று நீரிலிருந்து மின்சாரமும் எடுக்கின்றனர். 2001-இல் யுனெஸ்கோ அவ்வூரை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது.

சுவரைக் காப்பது மட்டும் புதுப்பித்தல் ஆகாது; சுவருக்குள் பிழைப்பும் வேண்டும் என்பதே இதில் நான் கண்ட பாடம்.

நம்முடையது வானம் பார்த்த பூமி. மழை பொய்த்த ஆண்டுகளில் தறியே பலருக்குச் சோறு போட்டது. குழித்தறி வீடுகளும் பாவு நீட்டிய தெருக்களும் அதன் சாட்சிகள். ஒரு தெருவையேனும் பழுதுபார்த்து, கைத்தறிக் கூடமும் விற்பனை நிலையமும் படிப்பகமும் அமைக்கலாம். முதற்பணியாக, மாணவர்களாகிய நாம் அவ்வீடுகளைக் கணக்கெடுத்து, முதிய நெசவாளர்களிடம் கேட்டுக் குறித்து வைப்போம். அதற்கு ஒரு கோடை விடுமுறை போதும்.