கைத்தொண்டு – 9: வாசி இல்லாத காசு

திலகவதியார் திருவதிகைக் கோயிலை அலகிட்டு மெழுகியதையும், தம்பி அப்பர் சூலை நோயோடு அங்கே வந்து விழுந்ததையும் போன வாரம் பார்த்தோம். இந்த வாரம், மனத்துக்குள் கோயில் கட்டிய பூசலாரைப் பற்றி எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். ஆனால் பெரியபுராணத்தில் திருவீழிமிழலைப் பகுதியை மறுபடி படித்ததிலிருந்து வேறெதிலும் மனம் செல்லவில்லை.

நாட்டில் பஞ்சம். அப்பரும் சம்பந்தரும் அடியார்களோடு அந்த ஊரில் தங்கியிருக்கிறார்கள். இறைவன் இருவர் கனவிலும் வந்து, பஞ்சம் தீரும்வரை நாளுக்கு ஒரு காசு தருவதாகச் சொல்கிறார். கிழக்குப் பீடத்தில் சம்பந்தருக்கு, மேற்குப் பீடத்தில் அப்பருக்கு. இரண்டு மடத்திலும் உலை ஏறுகிறது. அப்பர் மடத்தில் அடியார்கள் நேரத்தோடு உண்கிறார்கள். சம்பந்தர் மடத்திலோ பந்தி தாமதமாகிறது. ஏன் என்று கேட்கிறார் சம்பந்தர். அப்பர் கொண்டுபோகும் காசைக் கடைக்காரர்கள் உடனே வாங்கிக்கொள்கிறார்கள், நம் காசுக்கு வட்டம், அதாவது மாற்றுக் குறைவுக்கான கழிவு, கேட்கிறார்கள் என்கிறார்கள் மடைப்பள்ளியில் இருப்பவர்கள்.

யாருடைய காசுக்கு வட்டம்? 3 வயதில் ஞானப்பால் உண்டவருக்கு. முத்துச்சிவிகையில் ஊர் ஊராக வருகிறவருக்கு. சேக்கிழார் ஒளிக்காமல் காரணம் சொல்கிறார்: சம்பந்தர் இறைவனுக்கு மகன், அதனால் வாசியோடு, அதாவது வட்டத்தோடு, கூடிய காசு, அப்பர் கைத்தொண்டு செய்யும் அடிமை, அதனால் வாசி இல்லாத காசு. பிள்ளைக்குத்தான் சலுகை இருக்கும் என்று நினைப்போம். இறைவன் சன்னதியில், தோளில் உழவாரத்தோடு புல் செதுக்கும் கிழவருக்கு முழு மாற்றுக் காசு கிடைக்கிறது.

இதை எழுதியவர் 12-ஆம் நூற்றாண்டில் சோழ அரசில் அமைச்சராக இருந்தவர் என்பது மரபு. கடைவீதியும் கணக்கு வழக்கும் தெரிந்த ஒருவர்தான் பக்தியின் தராதரத்தைக் காசின் வட்டத்தில் காட்டியிருக்க முடியும். இந்த வாரம் முழுக்க நான் மகிழ்ந்துபோனது இதில்தான். சம்பந்தரும் குறைந்துவிடவில்லை. அப்பர்மீது பொறாமையில்லை, இறைவன்மீது கோபமில்லை. நேரே கோயிலுக்குப் போய்ப் பதிகம் பாடி நல்ல காசு கேட்டார், பெற்றார்.

அப்பரின் கை எப்படிப்பட்டது என்பதைத் திருப்புகலூரில் பார்க்கலாம். முதுமையில் அந்தக் கோயில் முற்றத்தைச் செதுக்கிக்கொண்டிருந்தார். உழவாரம் பட்ட இடமெல்லாம் பொன்னும் மணியும் புரண்டன. அவருக்குப் பருக்கைக் கல்லும் அவையும் ஒன்றாகவே தெரிந்தன. எல்லாவற்றையும் சேர்த்து வாரிக் குளத்தில் எறிந்துவிட்டு வேலையைத் தொடர்ந்தார். சித்திரைச் சதயத்தில் இறைவனடி சேர்ந்ததும் அந்தப் புகலூரில்தான். சன்னதியில் நின்று தேடியதைவிட, முற்றத்தில் குனிந்து அவர் இறைவனை நெருங்கியதுதான் அதிகம் என்றே நான் நம்புகிறேன். பதிகங்களின் உருக்கம்கூட அந்தக் குனிவிலிருந்து வந்ததுதான். சிற்பிகளும் இதை அறிந்திருந்தார்கள். அப்பர் திருமேனியை நாம் அடையாளம் காண்பதே தோளில் சாய்ந்த உழவாரத்தைக் கொண்டுதான்.

இன்றும் ஞாயிற்றுக்கிழமைகளில் பழைய கோயில்களில் உழவாரப்பணிக்குக் கூடுகிறார்கள். உங்கள் ஊரில் அப்படி ஒரு குழு இருந்தால் வரும் ஞாயிறு போய் ஒரு மணி நேரம் புல் பிடுங்குங்கள். கல்வெட்டு உள்ள சுவரைக் கம்பி பிரஷ்ஷால் மட்டும் தேய்த்துவிடாதீர்கள். பூசலார் அடுத்த வாரம்.