இலாப நோக்கற்ற துறை: கணக்கில் வருவதும் வராததும்

தில்லி ஜங்புராவில், பாராபுல்லா வடிகாலின் கரையில் பல்லாண்டுகளாக இருந்துவந்த மதராசி கேம்ப் குடியிருப்பு, உயர் நீதிமன்ற ஆணைப்படி 2025 ஜூன் 1 அன்று அகற்றப்பட்டது. வீட்டுவேலையும் கூலிவேலையும் செய்து வாழ்ந்த தமிழ்க் குடும்பங்களே அங்கு மிகுதி. ஏறத்தாழ 370 வீடுகளில், தகுதியுடையோர் எனக் கண்டறியப்பட்டவர்களுக்கு நகரின் வடகோடியிலுள்ள நரேலாவில் குடியிருப்புகள் ஒதுக்கப்பட்டன. வேலையிடத்தின் தொலைவோடு, பிள்ளைகள் பயிலும் தமிழ்ப் பள்ளியின் தொலைவும் பெற்றோரின் கவலையாயிற்று. தில்லியில் அத்தகைய ஏழு பள்ளிகளை நடத்துவது தில்லித் தமிழ்க் கல்விக் கழகம். அஃது அரசுத் துறையன்று. வணிக நிறுவனமும் அன்று. இவ்வகை அமைப்புகளின் பொருளாதாரப் பங்கு யாது என்பதைக் காண்போம்.

ஈட்டும் உபரியை உறுப்பினர்களுக்குப் பங்கிடாமல், தன்னாட்சியுடன் இயங்கும் அமைப்பையே இலாப நோக்கற்ற நிறுவனம் என்கிறோம். நம் நாட்டில் அது 1860ஆம் ஆண்டுச் சங்கப் பதிவுச் சட்டத்தின்கீழ்ச் சங்கமாகவோ, அறக்கட்டளையாகவோ, 2013ஆம் ஆண்டு நிறுமச் சட்டத்தின் 8ஆம் பிரிவின்கீழ் நிறுமமாகவோ அமையலாம். தமிழ்நாட்டில் சங்கங்களுக்கு 1975ஆம் ஆண்டின் தனிச் சட்டம் உண்டு.

மத்தியப் புள்ளியியல் அலுவலகத்தின் கணக்கெடுப்பின்படி, 2008 வரை பதிவான சங்கங்கள் ஏறத்தாழ 31.7 இலட்சம். ஆயினும் நேரில் தேடியபோது பெரும்பகுதியைக் கண்டறிய இயலவில்லை. எனவே பதிவு எண்ணிக்கை வேறு, இயங்கும் துறையின் அளவு வேறு என்று கொள்ளல் வேண்டும்.

இத்துறையின் சேவைகள் பல இலவசமாகவோ குறைந்த கட்டணத்திலோ கிடைப்பவை. சந்தை விலை இல்லாததால், அவற்றின் மதிப்பைச் செலவைக் கொண்டே தேசியக் கணக்கு அளவிடுகிறது. ஓர் எடுத்துக்காட்டு: ஒரு சங்கம் மாலை வகுப்பு நடத்துகிறது. ஆசிரியர் ஊதியம் மாதம் ரூ.12,000, வாடகை ரூ.3,000. உற்பத்தி மதிப்பு ரூ.15,000. வாடகை இடைநிலைச் செலவாகக் கழிய, அச்சங்கம் நாட்டு உற்பத்தியில் சேர்ப்பது ரூ.12,000. அதே வகுப்பில் ஊதியமின்றிக் கற்பிக்கும் தொண்டரின் உழைப்பு இக்கணக்கில் சேர்வதில்லை. அரசின் நிதியும் கட்டுப்பாடும் மேலோங்கிய அமைப்போ, அரசுத் துறையின் கணக்கிலேயே அடங்கிவிடும். ஆகவே இத்துறையின் பங்கு மெய்யளவினும் சிறிதாகவே தோன்றுகிறது.

ஒரு குடியிருப்பு இடம்பெயரும்போது இவ்வேறுபாடு புலப்படும். புதிய வீட்டின் கட்டுமானச் செலவு கணக்கேறும். பிள்ளைகளைப் பள்ளிக்கு அழைத்துச் சென்ற அண்டைவீட்டாரின் உதவியும், படிவம் நிரப்பித் தந்த தொண்டரின் நேரமும் முன்பும் கணக்கில் இல்லை. இழந்தபின்பும் குறைவாகக் காட்டப்படுவதில்லை. ஆனால் அக்குடும்பங்கள் அவ்விழப்பை நாள்தோறும் உணர்கின்றன.

இத்துறைக்கான நிதி கட்டணம், மானியம், நன்கொடை ஆகியவற்றிலிருந்து வருகிறது. குறிப்பிட்ட வரம்பைக் கடந்த நிறுமங்கள், முந்தைய மூன்றாண்டுச் சராசரி நிகர இலாபத்தில் 2 விழுக்காட்டைச் சமூகப் பொறுப்புக்குச் செலவிடுதல் வேண்டும். வெளிநாட்டு நன்கொடை முதலில் பாரத ஸ்டேட் வங்கியின் புதுதில்லி முதன்மைக் கிளைக் கணக்கிலேயே பெறப்படல் வேண்டும்.

நன்கொடை அளிக்கும் வாடிக்கையாளர்கள் மூன்றினைக் கருத்திற்கொள்ள வேண்டுகிறோம். அமைப்பின் பதிவு எண்ணைச் சரிபாருங்கள். தனிநபர் கணக்கில் அன்றி, அமைப்பின் பெயரிலுள்ள கணக்கிலேயே செலுத்துங்கள். இரசீதைத் தவறாது பெறுங்கள்; பழைய வரிமுறையில் 80ஜி சலுகை கோருவோர்க்கு, ரூ.2,000க்கு மேற்பட்ட ரொக்க நன்கொடைக்குக் கழிவு இல்லை. பணம் தர இயலாதவர் நேரத்தைத் தரலாம். அதற்குக் கணக்கேட்டில் இடமில்லை எனினும், பெறுவோர்க்கு அதன் பயன் தெரியும்.