படுவான்கரைப் பாறையின் வயது

மட்டக்களப்புப் படுவான்கரையின் வெல்லாவெளியிலிருந்து ஒரு மாணவி கேட்டு எழுதியிருக்கிறாள்: உலகிலேயே பழைய பாறை எங்கள் ஊர்ப் பாறைதானா?

இல்லை, மகள். உங்கள் பக்கத்துக் குடும்பிமலையும் தாந்தாமலையும் விஜயன் தொகுதி என்ற பாறைத் தொகுப்பைச் சேர்ந்தவை. ஏறத்தாழ 100 முதல் 110 கோடி ஆண்டுகளுக்கு முன் நிலத்தடியில் குழம்பாக இருந்து இறுகியவை. கொண்டுவானா என்ற பழைய பெருங்கண்டம் ஒன்றுசேர்ந்த காலத்தில், ஐம்பது கோடி ஆண்டுகளுக்குச் சற்று முன்பு, மறுபடியும் வெந்து உருமாறின. மலைநாட்டுப் பாறைகளுக்குள் இதைவிடப் பழைய மணிகள் கிடக்கின்றன. சிலவற்றுக்கு 320 கோடி வயது.

அந்த மணிகளின் பெயர் சிர்க்கோன். மாத்தறை வைரம் என்று விற்றார்களே, அதே கல். உருவாகும்போது யுரேனியத்தை உள்ளே சேர்த்துக்கொள்ளும், ஈயத்தை அண்டவிடாது. பிறகு யுரேனியம் சிதைந்து ஈயமாகும். அதில் பாதி சிதைய 447 கோடி ஆண்டு. ஆகவே உள்ளே இருக்கும் ஈயம் எல்லாம் காலம் சேர்த்தது. பாறை கரைந்து மணலானாலும் மணி அழியாது.

என்னை வியக்கவைப்பது வேறொன்று. கன்பராவில் வில்லியம் கொம்ஸ்டன் குழு உருவாக்கிய ஷ்ரிம்ப் என்ற கருவி, மணியின் ஒரு புள்ளியில் அயனிக் கற்றையைப் பாய்ச்சி வயது காணும். ஆனால் யுரேனியமும் ஈயமும் ஒரே அளவில் தெறிப்பதில்லை. வயது தெரிந்த ஒரு மணியோடு ஒப்பிட்டே கணக்கிட வேண்டும். இப்படித்தான் என் அப்பா தன் கடைப் படிக்கற்களை முத்திரைக்குக் கொண்டுபோவார். அரசாங்கப் படியோடு வைத்துச் சரிபார்ப்பார்கள். கன்பராவில் நெடுங்காலம் அந்த அரசாங்கப் படியாக இருந்தது எஸ்.எல்.13, 57 கோடி வயதுள்ள இலங்கைச் சிர்க்கோன்! அந்தக் கருவிதான் 1983இல் மேற்கு அவுஸ்திரேலியாவில் 410 கோடி ஆண்டைத் தாண்டிய மணிகளைக் காட்டியது. 2001இல் அங்குள்ள ஜாக் ஹில்ஸ் மணி ஒன்றின் வயது 440 கோடி என்று வெளியானது. பூமிக்கே 454 கோடிதான். அந்த மணிகளிலுள்ள ஒட்சிசன், அன்றே நிலமும் நீரும் இருந்ததற்குச் சாட்சி சொல்கிறது.

உலகுக்கு அளவைக்கல் கொடுத்த நாட்டில், ஆனந்த குமாரசுவாமியைக் கலை அறிஞராகவே தெரியும். 1903இல் இலங்கைக் கனிம அளவையின் முதல் பணிப்பாளர் அவர் என்பதைச் சொல்லித்தருவார் யார்? படுவான்கரையில் பாறை உடைபட்டுச் சல்லியாகி வீதிக்குப் போகிறது. வீதி வேண்டியதுதான். ஆனால் வெடி வைக்குமுன் ஒரு துண்டை எடுத்து, ஊரும் இடமும் எழுதிப் பக்கத்துப் பாடசாலையில் வைக்கலாமே. வயது பார்க்கத் தேங்காயளவு கல் போதும்.